வக்கீலம்மாவுக்க கட்சிக்காரர்

கட்டின மனைவியைப் பார்க்க, கட்சிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்த மனுஷன் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவரை எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

புதுக்கடை என்ற ஊரில் ஒரு வக்கீலம்மாவிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அவர் கணவர் கல்ஃபில் ஏசி மெக்கானிக். அம்மாவுக்குக் கேசுகள் குவியத் தொடங்கியதும், மகளைப் பார்க்க ஆளில்லை என்று வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். சமையல், துணி, பள்ளிக்கூடம் எல்லாம் அவர்தான். அம்மா காலையில் கோர்ட்டுக்குப் போனால், மாலையில் வந்ததும் கட்சிக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்குப் பேச நேரம் கிடைக்காது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் தலைசீவி, பவுடர் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து கட்சிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில், தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கும் வள்ளக்காரர் ஒருவர்.

"ஓய், உமக்கு என்ன கேசு?"

"குடும்ப கேசாக்கும்."

"எதிர்க்கட்சி ஆரு?"

"உள்ள இருக்காளே, அவதான்."

வள்ளக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பெண்டாட்டி மேல கேசு குடுக்க பெண்டாட்டிட்டயே வந்திருக்கீரா?"

மறுநாள் காலைக்குள் சந்தை முழுக்க விவாகரத்துச் செய்தி. மீன்காரி அவருக்கு இரண்டு சாளை மீனைக் கூடுதலாகப் போட்டு, "கலங்காத மக்கா, கடவுள் இருக்காரு" என்றாளாம். அவர் மறுக்கவில்லை. "வந்த மீனை எதுக்கு விடணும்?" என்றார் என்னிடம். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'கட்சிக்காரர்'.

அன்று உள்ளே நடந்ததோ வேறு. அவர் முறை வந்ததும் போய், கைகட்டி நின்றார்.

"மேடம், வெள்ளிக்கிழமை காலத்த நம்ம பிள்ளைக்கு ஸ்கூல்ல நாடகம். ராணி வேஷம். நீங்க வரணும்."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு முகம் வாடிவிட்டது. "அன்னைக்கு இறுதி வாதம் இருக்கே."

"ஒரு வாய்தா வாங்கப்பிடாதா?"

"அந்த விதவைப் பொம்பளைய வீட்டை விட்டு எறக்கப் பாக்காங்க. நான் வாய்தா கேட்டா அவ எங்க போவா?"

சண்டை வரும் என்று நான் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அவளுக்க கேசை நடத்து. வீடு போனா போனதுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வாதம் முடிந்து நானும் அம்மாவும் வெளியே வந்தோம். நாடகம் இந்நேரம் முடிந்திருக்கும் என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோர்ட்டு முற்றத்தில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன்.

நடுவில் கிரீடத்தோடு மகள். அவள் முன்னால் நாலுகாலில் ஒரு சிங்கம். தலையைச் சுற்றிப் பிடரிமயிராகத் தென்னஞ்சகிரி நார், முதுகில் மஞ்சள் போர்வை. கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை.

"ஐயோ, இதென்ன கோலம்! எந்திரிங்க!" அம்மா அலறினார்.

"சிங்கம் பேசாது" என்றது சிங்கம்.

"அம்மா, இருங்க. ஸ்கூல்ல போட்ட நாடகத்த ஒங்களுக்கு மொதல்ல இருந்து தொடங்கணும்" என்றாள் ராணி.

அம்மா கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுப் படியில் உட்கார்ந்தார். மந்திரி, சேவகன், சிங்கம் எல்லாம் இந்த ஒரே மனுஷன். வக்கீல்கள், போலீஸ்காரர்கள், டீ வாங்கப் போனவர்கள் எல்லாரும் வாய்பிளந்து நின்றார்கள். ராணி வாளை வீச, சிங்கம் புழுதியில் புரண்டு புரண்டு செத்தது. முதலில் கைதட்டியவர் எதிர்த்தரப்பு வக்கீல்.

அம்மா எழுந்து போய், அத்தனை பேர் முன்னாலும் குனிந்து, அவர் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். கண் நிறைந்திருந்தது.

"இன்னைக்கு கறி நான் வைக்கேன்."

"அது மட்டும் வேண்டாம்ட்டி" என்றார் அவர், உண்மையான பயத்தோடு.

அந்த விதவைக்கு வீடு நிலைத்தது. நான் வேலை மாறி நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். புதுக்கடையில் எனக்கு இப்போது ஒரு சோலியும் இல்லை. ஆனாலும் பஸ் அந்த வழியாகப் போனால், அவர் கையால் ஒரு கட்டன்சாயா குடிக்க இறங்கிவிடுகிறேன்.