வெள்ளைத் திட்டும் முட்டி வலியும்

வேலை மாறி வருகிற மைத்துனர், வீடு கிடைக்கும்வரை தங்கையின் வீட்டில்தான் தங்குவார் என்று தெரிந்ததுமே, வரைபட அலுவலக எழுத்தர் ஒரு வீர முடிவு எடுத்தார். ஊரை விட்டு ஓடிவிடுவது. மைத்துனர் தங்கமான மனிதர்தான், வாயைத் திறக்காதவரை.

இரண்டு நாளாகவே மனைவியின் காதில் மலை, மலை என்று போட்டுவைத்தார். மூன்றாம் நாள் அலுவலகக் கிடங்கில் தூங்கிய ஒரு மலைத்தொடர் வரைபடத்தைத் தூசி தட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நூறு வயசுக் கிழடு, துணியில் ஒட்டி மடித்தது. அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நடுவுல வெள்ளையா ஒரு திட்டு தெரியுதா? அங்க மட்டும் யாரும் போய் அளக்கல. காலியா கிடக்கு. அதை நிரப்ப என்னை அனுப்புறாங்க. ஒரு மாசம்."

"நீங்களா? வீட்டுத் தண்ணி டிரம்மை நிரப்பச் சொன்னா முட்டி வலிங்கறீங்க. நாலு மாடிக்கு ஒரு காய்கறிப் பையைத் தூக்க மாட்டீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேணி வளர்த்த முட்டி அது. எத்தனையோ மூட்டை முடிச்சுகளிலிருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இப்போது முட்டியா மைத்துனரா என்று வந்துவிட்டது. முட்டியைக் கைகழுவினார்.

"அது போன மாசம். இப்ப பூரண குணம்."

"அப்படியா? இந்தப் பழுப்புக் கோடெல்லாம் என்னங்க? இங்க மட்டும் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது."

தன் வேலையைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒவ்வொரு கோடும் ஒரு உயரம். கோடு நெருங்க நெருங்க ஏத்தம் செங்குத்து. இந்த இடத்துல ஆடே யோசிச்சுத்தான் ஏறும். நான் விறுவிறுன்னு ஏறிடுவேன்."

"வெறுங்கையோடதானே?"

"முதுகுல மூட்டையோட. மூட்டை என்ன, உன்னையே தூக்கிட்டு ஏறுவேன்."

மனைவி வரைபடத்தைப் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க ஆபீசர் வீட்டம்மா காலையில அளவு கொடுக்க வந்தாங்க. நீங்க மலை மலைன்னீங்களேன்னு கேட்டேன். அதையெல்லாம் வானத்துலேருந்தே போட்டோ பிடிச்சு முடிச்சாச்சாம். யாரும் நடந்து போறதே இல்லையாம்."

கீழே தெருவில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் வந்தாச்சு. இரும்பு பீரோவும் வந்திருக்கு. போய்த் தூக்கிட்டு வாங்க. நம்ம மாடிப்படியில கோடு அவ்வளவு நெருக்கமா இல்ல."