கரையில் நிற்பவளுக்கு என்ன வலி?

"படத்துக்கு அடியில கவிதை போடுறவன், ஆட்டுக்கறியைப் பரிமாறிட்டு அதுமேல 'இது ஆட்டுக்கறி'ன்னு சீட்டு ஒட்டுற சமையக்காரன். என் தூரிகை தானே பேசும்!"

கீழ்வீட்டில் இருக்கும் சக ஓவியர் பெட்டிக்ரூவுக்குக் கேட்கட்டும் என்று ஓவியர் அம்ப்ரோஸ் இதை மாடிப்படியில் நின்று முழங்கினார். காதலில் உருகிச் செத்த கவிஞர்களின் வரிகளை அடியில் போட்டே பெட்டிக்ரூ வருடாவருடம் லண்டன் ஓவியக் கண்காட்சியில் இடம் பிடித்துவிடுவார். அம்ப்ரோஸின் படம் வருடாவருடம் போன வண்டியிலேயே திரும்பி வரும். இம்முறையும் வந்தால், மைத்துனரின் பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பாவுக்குப் பூ வரையப் போவதாக மனைவி லெட்டிஸிடம் வாக்குக் கொடுத்தாயிற்று.

படத்தை ஏற்றிப்போக வண்டிக்காரர் ஜாப் வந்தார். கடலோடு போன காதலனை நினைத்து, கன்னத்தில் கைவைத்துக் கரையில் நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

"பாவம். பல்வலியா ஐயா?"

அம்ப்ரோஸ் அவசரமாகத் தூரிகையை எடுத்து, படத்தில் அவள் கையை நெற்றிக்கு ஏற்றினார்.

"இப்பத் தலைவலி" என்றாள் லெட்டிஸ். "இந்தப் படத்துக்காகக் குளிர்காலம் முழுக்க நின்ன எனக்கு என்னவோ கால்வலிதான்."

"காதலன் கப்பலோட மூழ்குறான்டி!"

"கப்பல் எங்கங்க?"

கப்பல் வரைந்தார்.

"நண்டு நல்ல பெருசு" என்றார் ஜாப்.

நண்டை மறைக்க மூடுபனி பூசினார். பனி, கடலையும் சேர்த்து விழுங்கியது.

"படத்துல இப்ப அடுப்புல ஏதோ தீஞ்சு ஒரே புகை. இப்பத்தாங்க அவ அச்சு அசலா நான்" என்றாள் லெட்டிஸ்.

"கண்காட்சியில கதவைச் சாத்திடுவாங்க ஐயா" என்று ஜாப் தொப்பியை மாட்டினார்.

"நாலு வரி கவிதை போட்டுடுங்களேன்" என்றாள் லெட்டிஸ்.

"கீழ்வீட்டுக்காரன் மாதிரியா? உயிரே போனாலும்..."

பிஸ்கட் டப்பா கண்முன் வந்தது. அம்ப்ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு சீட்டில் எழுதினார். டப்பாவை நினைக்க நினைக்கச் சோகம் தானாகக் கொட்டியது. கீழே, 'பெயர் தெரியாமல் மாண்ட ஓர் இளங்கவிஞன்' என்று போட்டுச் சட்டத்தில் ஒட்டினார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஜாப் படத்தோடு திரும்பி வந்தார். சட்டத்தில் சீட்டைக் காணோம்.

"படம் வேணாமாம் ஐயா."

"கவிதை?"

"அதைப் படிச்சுட்டுப் படம் தேர்வு பண்ற பெரியவங்க எல்லாம் மூக்கைச் சிந்துனாங்க. பெட்டிக்ரூ ஐயா படத்துக்குத்தான் கச்சிதமாப் பொருந்துதுன்னு அதுல ஒட்டிட்டாங்க. செத்துப்போன அந்தப் புள்ள வேற ஏதாச்சும் எழுதி வெச்சிருந்தா வாங்கிட்டு வரச் சொன்னாரு பெட்டிக்ரூ ஐயா, அடுத்த வருஷத்துக்கு."