கடாக்கள் குனியவில்லை

"குனிஞ்சு தின்னுங்கடா!" என்று கெஞ்சினார் கொர்னேலியஸ். இடுப்பளவு புல்லுக்கு நடுவே நின்ற எருமைக்கடாக்கள் அத்தனையும் சோளத்தட்டை வண்டி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தன.

திருமுல்கேரிக்கு அப்பால் இருந்த அரசு இறைச்சி மாட்டுப் பண்ணைக்கு அவர் மேலாளர். மழை முடியும்போதே மேய்ச்சல் நிலத்தை அடைத்துவைத்துப் புல்லை வளரவிட்டிருந்தார். குளிர்காலத்தில் கடாக்களே மேய்ந்துகொள்ளும், சோளத்தட்டைச் செலவு மிச்சம் என்று புது டைரக்டர் வேதாசலத்திடம் அடித்துச் சொல்லிவிட்டு, தட்டைக்காரனையும் நிறுத்திவிட்டார். ஆனால் பிறந்ததிலிருந்து தொட்டியிலேயே தின்று வளர்ந்த கடாக்களுக்கு, தீனி தரையிலும் முளைக்கும் என்பது தெரியவில்லை.

நாளைக்கு டைரக்டர் பார்வையிட வருகிறார்.

"வெல்லத் தண்ணி தெளிச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி ஜூடித். தெளித்தார். கடாக்கள் வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டன. மிச்சத்துக்கு எறும்பு வந்தது.

காலி வண்டியைப் புல்லுக்குள் ஓட்டச் சொன்னார். கடாக்கள் அதைச் சுற்றி நின்று கத்தின. புல் மிதிபட்டதுதான் கண்ட பலன்.

"நக்கோ, வேணாம் சார், இதெல்லாம் வேலைக்காவாது," என்றான் மாட்டுக்காரன். "மேயத் தெரிஞ்ச எருமைங்களை உள்ள விட்டா, பார்த்துக் கத்துக்கும். பின்னாடி ரோட்ல நாலு சுத்துது. ஓட்டியாரவா?"

"யாரோடதுப்பா?"

"யாரோடதா இருந்தா என்ன சார்? ஓசிப் புல்லு, வேணாம்பாங்களா?"

வந்தன. தின்றன. அப்படியொரு தீனி! கடாக்கள் சினிமா பார்ப்பதுபோல வேடிக்கை பார்த்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போன எருமைகள், காலையில் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு தாமாகவே வந்துவிட்டன. நிலத்தின் முன்பக்கம் மொட்டையானபோது ஜீப் வந்து நின்றது. கொர்னேலியஸ் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினார்.

வேதாசலம் எருமைகளை உற்றுப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"இதுங்களை யார் உள்ளே விட்டது?"

"நான்தான் சார்... கடாக்களுக்குப் பழக்கிவிடலாம்னு..."

அந்த நேரம் பார்த்துப் பெரிய கடா தலையைக் குனித்து ஒரு வாய் புல்லை இழுத்தது. பக்கத்தில் நின்றது பார்த்தது, அதுவும் குனிந்தது. பிறகு எல்லாமே.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "ம்... பழகிடுச்சே! நல்ல யோசனைதான். தட்டை இனிமே வேண்டாம்." விறுவிறுவென்று ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

கொர்னேலியசுக்குப் போன உயிர் திரும்பியது. "ஒரு வார்த்தை திட்டலையேப்பா!" என்றார் ஜீப் டிரைவரிடம்.

"எப்படி சார் திட்டுவாரு? எருமைங்க பூரா அவர் வீட்டுது. நேத்து சாயங்காலம் பால் கூடுதலாக் கறந்துச்சுன்னு, 'அதுங்க எங்க மேயுதோ, அங்கயே இதுங்களும் போகட்டும்'னு மீதி ரெண்டையும் காலைல ஐயாவேதான் அவுத்துவிட்டாரு!"