ஐபீரிய ஈயத்தகடும் ஐந்நூறு பிரதியும்

மொன்றியல்
14.03.2004

அன்புள்ள தம்பி குணநாயகம் அறிவது,

நானும் உன் அண்ணி சிவமலரும் இங்கு குளிரோடு சுகமாயிருக்கிறோம். ஸ்காபரோவில் நீயும் ஜெகதீஸ்வரியும் பிள்ளைகளும் உன் அச்சகமும் அவ்வண்ணமே இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இத்துடன் வரும் இருபத்திரண்டு பக்கங்களையும் ஐந்நூறு பிரதி அச்சடிக்கவும். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

விசயம் இதுதான். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஸ்பெயினில் இருந்த ஐபீரியர் என்ற சனம் ஈயத்தகடுகளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எழுத்தை வாசிக்கலாம், பொருள்தான் ஒருவருக்கும் தெரியாது என்று எங்கட நூலகத்தில் பேராசிரியை நூரியா என்ற ஸ்பானிய அம்மா பேசினா. நான் எழும்பி, "தமிழரைக் கேட்டனீங்களோ?" என்று இங்கிலிசில் கேட்டன். இல்லையாம். பேந்து நான் சும்மா இருக்கேலுமோ? அவ தந்த எழுத்து அட்டவணையை வைச்சுக்கொண்டு, டோர்வல் விமான நிலையத்தில கூட்டித் துடைச்சுப்போட்டு வந்து மூண்டு மாசம் குந்தியிருந்து, ஒரு தகட்டை முழுக்கத் தமிழில வாசிச்சு முடிச்சன். தகட்டில இருந்தது ஒரு வேலிச் சண்டை. அங்க இங்க ஒரு 'ஆ'வைச் சேர்த்து, ரெண்டு 'ர'வை விழுங்கினால் எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரியே இருக்கு.

போன கிழமை அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியைக்குக் காட்டினன். அவ பொறுமையாக் கேட்டுப்போட்டு, அதே ஐபீரிய எழுத்தில நாலு வரி எழுதின வேற தாளொண்டைத் தந்து, இதையும் வாசியுங்கோ எண்டா. முக்கால் மணித்தியாலத்தில வாசிச்சன். மாப்பிள்ளை வீட்டார் வரேல்லை, சமைச்ச கறி பழுதாப்போச்சு எண்டு இருந்துது. அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு மெதுவாச் சொன்னா, "இது தகட்டில உள்ளதில்லை. காலமை நான் எழுத்துகளைக் குலுக்கிப்போட்டு எழுதினது." எனக்குக் காது சுட்டுது. ஆனாலும் விட்டுக்குடுக்கேல்லை. "அப்ப உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்குத் தமிழ் வருது" எண்டன். அவ சிரிக்கேல்லை. வீட்டை வந்து சொல்ல, உன்ர அண்ணி, "கறி எத்தினை பேருக்குச் சமைச்சவை?" எண்டு கேட்டா. "இருபத்தைஞ்சு பேருக்கு" எண்டு எனக்கு உடன வாயில வந்திட்டுது.

அந்த நாலு வரியையும் பின்னிணைப்பாச் சேர்த்திருக்கிறன். சிரிக்கிறவை சிரிக்கட்டும். அட்டை மஞ்சளாயிருக்கட்டும்.

ஜெகதீஸ்வரிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும். பனிக்குள் காரைக் கவனமாக ஓட்டவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சண்முகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போக, சிவமலர் அந்த நாலு வரியையும் என்னைக்கொண்டு சத்தமா வாசிப்பிச்சா. அவ கார்டெரியில சின்னப் பிள்ளையளைப் பாக்கிறவ, பிரெஞ்சு நல்லாத் தெரியும். தேத்தண்ணி ஆறமுந்தி நாலு வரிக்கும் பிரெஞ்சில பொருள் சொல்லிப்போட்டா. மூக்கைத் துடை, சப்பாத்தைப் போடு, அம்மா வந்திட்டா. ஒரு எழுத்தும் விழுங்கேல்லை. ஆனபடியால் அச்சடிக்காதை. பேராசிரியைக்கு ரெலிபோன் எடுத்துப் பிழையை ஒத்துக்கொண்டன். தகடுகளில உள்ள எழுத்தை அட்டைகளில பாத்தெழுத அவவுக்கு ஒரு ஆள் தேவையாம், என்ர கையெழுத்து நல்ல வடிவாம். வியாழக்கிழமை தொடங்கிறன். பொருள் மட்டும் நான் சொல்லப்படாதாம். ஓம் எண்டிட்டன்.