நெக்ஸ்ட் அக்கா

ஒரு மனிதரின் பெயரைக்கூட வாயால் சொல்லாமல் ஒரு முழு கிளினிக்கையே நடத்திவிடலாம் என்று நம்பிய ஒரே ஜீவன் மலேசியாவின் இந்தக் கெடா மாநிலத்தில் நெக்ஸ்ட் அக்காதான். நம்பியதோடு நிற்கவில்லை, நடத்தியும் காட்டினார். அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு கல்லூரி. கல்லூரி என்றதும் மரமும் மைதானமும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூன்று அறை, ஒரு கக்கூஸ், கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். முதல் அறையில் வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், இரண்டாவதில் கப்பல் சரக்கு அலுவலகத்துக்குப் போகிறவர்கள், கக்கூஸுக்குப் பக்கத்து அறையில் நாங்கள், அதாவது மருத்துவ அலுவலக நிர்வாகம். டைப் அடிக்கவும் ஃபைல் அடுக்கவும் எல்லாரும்தான் படிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தனி நாக்கு வேண்டும் என்பார் எங்கள் மேடம் ரீத்தா. வக்கீல் ஆபீஸ் நாக்கு குறைவாகப் பேச வேண்டும். கப்பல் ஆபீஸ் நாக்கு வேகமாகப் பேச வேண்டும். கிளினிக் நாக்கு சரியாகப் பேச வேண்டும். அப்போது இதையெல்லாம் கேட்டு நான் கொட்டாவி விட்டேன்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள், அக்காவைத் தவிர. அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார். அதற்கு முன்னால் கையுறை ஃபேக்டரியில் நின்றே வேலை பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடக்கும். எதற்கு இந்த வயதில் படிப்பு என்று முதல் நாளே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உக்காந்து செய்யற வேலை வேணும் ஸ்டெல்லா. இந்தக் காலு இனிமே நிக்காது லா," என்றார். அவ்வளவுதான் அவருடைய லட்சியம், ஒரு கவுன்டர், அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி.

அந்த நாற்காலிக்காக அவர் படித்த படிப்பு இருக்கிறதே, அவர் வீட்டுச் சுவருக்குக்கூட அந்தப் பாடம் தெரிந்திருக்கும். தொலைபேசியில் பேசுவது எப்படி என்று மேடம் சொல்லிக் கொடுத்த அன்றிலிருந்து அக்காவின் சொந்தக் கைப்பேசியே கிளினிக் ஆகிவிட்டது. கூலிமிலிருந்து தம்பி கூப்பிட்டால்கூட "குட் மார்னிங், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்பார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று தம்பியை "ப்ளீஸ் ஹோல்ட்" என்று நிறுத்திவைத்தார். காத்திருப்பவருக்கு மெல்லிய இசை போட வேண்டும் என்பது பாடம். வீட்டில் அதற்கு வழி இல்லாததால் அடுப்பை அணைக்கப் போகும் வழியெல்லாம் கோயில் நாதஸ்வரத்தை அக்காவே வாயால் வாசித்தார். தம்பி போனை வைத்துவிட்டு, அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதறி ஓடி வந்தார்.

நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்ற பாடம் நடந்த வாரம் அதைவிட மோசம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். என்ன குழம்பு என்று கேட்டேன். "கான்ஃபிடென்ஷல்," என்றார். வாசனையே கருவாடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவு தீவிரமான ஆளுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கல். நோயாளியை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எழுந்து வந்தவரிடம் ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் எண்ணையும் முகவரியையும் கேட்டு ஆள் அவர்தானா என்று உறுதி செய்த பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும் என்பது மேடத்தின் வேதம். வகுப்பில் நடித்துப் பழகும்போது எங்களையெல்லாம் நோயாளிகளாக வரிசையில் உட்கார வைப்பார். அக்கா நோயாளியின் கார்டைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், "நெக்ஸ்ட்!" என்பார். பெயர் எங்கே என்று மேடம் கேட்டால் தொண்டை கட்டிவிட்டது என்பார். தொண்டை கட்டியவர் அடுத்த நிமிடம் கீழே டயர் கடைக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஜன்னல் வழியாகக் கத்துவார். நெக்ஸ்ட் அக்கா என்ற பெயர் அவருக்கு அப்படி வந்ததுதான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச காலம் ஆனது. ஆறுமுகம் என்ற பெயர் வரும்போதுதான் அக்கா நிஜமாகவே திணறினார். கெடாவில் ஆறுமுகம் இல்லாத இடம் ஏது? ஒருவர் ஆறுமுகமாக இல்லாவிட்டால் அவருடைய அப்பா ஆறுமுகமாக இருப்பார். அந்த ஒரு பெயரை மட்டும் விழுங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எல்லாருக்கும் சேர்த்து நெக்ஸ்ட் போட்டிருக்கிறார் அக்கா.

ஆறுமுகம் என்பது அவர் வீட்டுக்காரர் பெயர் என்று வகுப்பில் யாரோ சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தக் காலத்திலும் புருஷன் பெயரைச் சொல்லாத பத்தினியா! அன்று சாயந்தரம் பஸ் நிறுத்தத்தில், இவ்வளவு மரியாதையா வீட்டுக்காரர் மேல் என்று அக்காவைச் சீண்டினேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரியாதையா? அந்த ஆளுக்கா? தஞ்சோங் டாவாய்க்குப் போயி மீன் வாங்கிட்டு வரேன்னு மோட்டார எடுத்துட்டுப் போனாரு. அந்த மீன் இன்னும் வரல லா."

போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். ஜொகூரில் வேறொரு பெண்ணோடு இருப்பதாகப் பேச்சு மட்டும் வந்ததாம். தோட்டத்து மாரியம்மன் முன்னால், அந்தப் பெயர் இனி என் வாயில் வராது என்று அக்கா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். நான் வேதக்காரி. எங்களுக்கு என்றால் பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். மாரியம்மனிடம் அந்த வசதி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

படிப்பின் கடைசிக் கட்டம் செயல்முறைப் பயிற்சி. என்னையும் அக்காவையும் டவுனில் ஒரே கிளினிக்கில் போட்டார்கள். எண் காட்டும் இயந்திரம் எல்லாம் அங்கே கிடையாது, வாய்தான் இயந்திரம். டாக்டர் ஒரு தமிழ் அம்மா, கண்டிப்பானவர். கவுன்டருக்கு ஓர் ஆள் தேவை, பயிற்சியில் தேறினால் அக்காவையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்குப் பெரியப்பாவின் பல் கிளினிக் காத்திருந்ததால் போட்டி இல்லை. அந்தக் கவுன்டருக்குப் பின்னால் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. முதல் நாள் அக்கா அதில் உட்காரவில்லை, கையால் தடவிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

இரண்டாவது வாரமே வினை வந்தது. ஒரே காலையில் இரண்டு ஆறுமுகங்கள். ஒருவர் முதுகில் போட்ட தையலைப் பிரிக்க வந்தவர். இன்னொருவர் லாரி லைசென்ஸுக்கு உடம்பைப் பரிசோதிக்க வந்தவர். அக்கா தையல்காரரின் கார்டை உள்ளே அனுப்பிவிட்டு "நெக்ஸ்ட்!" என்றார். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். டாக்டர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்கச் சொன்னார். அவரும் படுத்தார். டாக்டர் தையலைத் தேடினார், தேடினார், முதுகு முழுக்கத் தேடினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று பிறகு அந்த மனிதரிடம் கேட்டோம். லைசென்ஸுக்கு இதையெல்லாம்கூடப் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், டாக்டர் சிரிக்கவில்லை.

"இன்னைக்குத் தையலு. நாளைக்கு ஊசியா இருந்தா? அவருக்கு ஆகாத மருந்தா இருந்தா?" என்றார். இன்னொரு தடவை பெயர் சொல்லாமல் ஆளை அனுப்பினால் கல்லூரிக்குத் தேறவில்லை என்று எழுதிவிடுவதாகவும் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கொட்டாவி விட்டுக் கேட்ட பாடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலோடு காத்திருக்கிறவருக்கு அந்தப் பெயரை விட்டால் வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

மறுநாளிலிருந்து அக்கா எல்லாருடைய பெயரையும் கணீரென்று கூப்பிட்டார். ஆறுமுகம் வந்தால் மட்டும் கார்டை என் பக்கம் தள்ளுவார், நான் கூப்பிடுவேன். டாக்டர் கண்ணில் இதுவும் பட்டுவிட்டது. அடுத்த மாதம் அந்தக் கவுன்டரில் ஒருவர்தான் உட்காரப் போகிறார், தெரியும்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி வாரத்தில் ஒரு நாள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மெலிந்த ஆள் ஒருவர் வந்து ஐ.சி.யை நீட்டினார். ஒரே இருமல். நான் வாங்கிப் பதிந்து கார்டையும் ஐ.சி.யையும் அக்காவிடம் வைத்தேன். பெயர் ஆறுமுகம் என்பதால் வழக்கம்போல் கார்டு என் பக்கம் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா அந்த ஐ.சி.யில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க் இருந்ததால் எனக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

நான் கூப்பிடவா என்று மெதுவாகக் கேட்டேன். பின்னால் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்.

"நீ உக்காரு," என்றார் அக்கா. அவர் எழுந்து நின்றார்.

"ஆறுமுகம் அனாக் லெலாக்கி வேலாயுதம்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வேலாயுதத்தின் மகன் எழுந்து இரண்டு எட்டு வைத்தார், பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குப் புரிந்தது. ஹெல்மெட் கை மாறியது. அக்கா ஐ.சி.யின் கடைசி எண்களைக் கேட்டார், அவர் சொன்னார். முகவரி கேட்டார். அவர் ஐ.சி.யில் இருந்தபடியே ஒரு தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் முணுமுணுத்தார்.

"அது என் வீட்டு அட்ரஸ்," என்றார் அக்கா. "உங்களோடதச் சொல்லுங்க."

டவுனில் யாரோ கூட்டாளியின் அறை என்று ஏதோ சொன்னார். அக்கா அதை நிதானமாக எழுதிக்கொண்டார். ஒன்றாம் அறை, கதவைத் தட்டிவிட்டுப் போங்கள் என்றார். அவர் போனார். டாக்டர் அக்காவைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். அந்த நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இப்போதும் அங்கே போனால் பார்க்கலாம்.

அக்கா அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, சத்தியம் என்ன ஆச்சு என்று காதோடு கேட்டேன்.

"சத்தியம் பண்ணது புருஷன் பேருக்கு. இது பேஷண்டு பேரு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, கூடத்தைப் பார்த்து அந்தப் பழைய கம்பீரத்தோடு கூப்பிட்டார்.

"நெக்ஸ்ட்!"

கூடத்தில் ஒருவரும் மிச்சமில்லை. என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. இருந்தாலும் நான் எழுந்து நின்றேன்.