எனக்குத் தெரிந்த ஒரே ஸ்கேல்

எனக்கு ஒரே ஒரு ஸ்கேல்தான் வாசிக்கத் தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாக கீபோர்டு வாசிக்கிறேன். இன்று சாயங்காலமும் வாசித்தேன். அதே சி ஸ்கேல். கறுப்புக் கட்டைகள் பக்கம் கை போவதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. (இருந்த வெட்கமெல்லாம் தொண்ணூறுகளில் ஒரே காலையில் செலவாகிவிட்டது.) பொழுதுபோக்காக வாசிக்கிறவர்கள் நன்றாகவும் வாசிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? ஊரில் பாதிப் பேர் சுமாராகத்தான் சமைக்கிறார்கள். யாரும் அவர்கள் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை.

இதில் முதல் குற்றவாளி என் அண்ணன் எட்வின். அப்பா அவனைத்தான் பியானோ வகுப்பில் சேர்த்துவிட்டார், வீட்டில் பழக ஒரு பழைய ஹார்மோனியமும் வாங்கித் தந்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று என்னைச் சேர்க்கவில்லை. அண்ணன் வகுப்பிலிருந்து வந்ததும் அவன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான் வாசிப்பேன். சி ஸ்கேல் முடிந்து, ஜி ஸ்கேல் ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில் அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். அவன் நின்ற பக்கத்திலேயே நானும் நின்றுவிட்டேன்.

அப்புறம் நான் நர்ஸிங் முடித்து எங்கள் ஊரான மைசூரிலேயே ஒரு நர்ஸிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் எங்கள் சபையில் தமிழ் ஆராதனைக்கு ஒரு கீபோர்டு வாங்கினார்கள். வாசிக்க ஆள் இல்லை. நான் கை தூக்கினேன். முதல் ஞாயிறே கொயர் மாஸ்டர் சாமுவேல் அங்கிள், "இந்தப் பாட்டு டி-யில போடும்மா" என்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் ஓரத்தில் அந்தப் பட்டனைக் கண்டுபிடித்தேன். டிரான்ஸ்போஸ் என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை தட்டினால் போதும். விரல்கள் சி-யிலேயே இருக்கும், சத்தம் மட்டும் இரண்டு படி ஏறி டி-யில் வரும். ஐந்து படி ஏற்றலாம், ஐந்து படி இறக்கலாம். நான் விரலை மாற்றவே வேண்டியதில்லை.

பட்டன் மேல் பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். அண்ணன் ஒருவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பாட்டை அறிவித்ததும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வேன். "பிள்ளை ஜெபம் பண்ணிட்டுத்தான் வாசிக்கும்" என்று பின் பெஞ்சு ஆன்ட்டிகள் மெச்சிக்கொண்டார்கள். அது ஜெபமல்ல. எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில், "ஸ்டெல்லாகிட்ட எந்த ஸ்கேல் கேட்டாலும் பட்டுனு போடுவா" என்று பேர் வந்துவிட்டது. நான் மறுக்கவில்லை. (அடக்கமாகச் சிரித்தேன். அது இன்னும் மோசம்.)

கீபோர்டு முன்னால் இருந்த அந்த ஸ்டூல்தான் எனக்கு எல்லாம். வார்டில் எனக்கு சிஸ்டர் என்று பேர், வீட்டில் எட்வின் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தால் மட்டும் நான் ஸ்டெல்லா. அதற்காக எத்தனை பேருக்கு டியூட்டி மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று என் கால் நரம்புகளைக் கேட்டால் சொல்லும்.

அந்த ஸ்டூலுக்கு ஆபத்து பெங்களூரிலிருந்து வந்தது. ஒரு பேங்க் மேனேஜர் மாற்றலாகி எங்கள் சபைக்கு வந்தார். அவர் மனைவி ஷீலா ஆன்ட்டி பியானோவில் எட்டு கிரேடும் பாஸ் செய்தவர்.

"நீங்க எத்தனை கிரேடு முடிச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நான் சும்மா, வீட்ல கத்துக்கிட்டேன் ஆன்ட்டி."

"ஓ, வெரி நைஸ்."

அந்த 'வெரி நைஸ்' எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் (நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) கூப்பிட்டார். "உங்க அண்ணன் கல்யாணம் முடியட்டும்மா. அப்புறம் கமிட்டியில பேசி யாரு வாசிக்கிறதுன்னு முடிவு பண்ணலாம். ரெண்டு பேருமே நல்லாத்தான் வாசிக்கிறீங்க." கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருவார்கள். அதாவது அன்றைக்கு அண்ணனுக்குக் கல்யாணம், எனக்குப் பரீட்சை.

அம்மா நல்ல யோசனைதான் சொன்னாள். "அந்தம்மாவே வாசிக்கட்டும்டி. நீ பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு சும்னே மொத பெஞ்சுல உட்காரேன்."

"என் அண்ணன் கல்யாணத்துல நான்தான் வாசிப்பேன்" என்றேன். வகுப்புக்குப் போனவன் அவன், வாசிக்கக் கற்றவள் நான். அதை ஊர் முன்னால் காட்டாமல் விடுவேனா?

கல்யாணத்தன்று மூன்று பாட்டு. முதல் பாட்டு ஜி-யில், அதாவது ஐந்து தட்டு கீழே. இரண்டாவது எஃப்-பில், ஐந்து தட்டு மேலே. மூன்றாவது டி. உள்ளங்கையில் குறித்து வைத்திருந்தேன். கொள்ளேகாலிலிருந்து பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். கமிட்டி இரண்டாவது வரிசையில், ஷீலா ஆன்ட்டி மூன்றாவது வரிசையில். பத்து மணிக்கு ஆராதனை. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மின்விசிறிகள் மெதுவாகி நின்றன.

சர்ச்சைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கும் கோயில்பிள்ளை தேவராஜு ஓடி வந்தார். "கரண்ட் ஹோய்த்தும்மா. லைன்ல வேலையாம். மத்தியானம்தான் வருமாம்."

கீபோர்டில் பேட்டரி போடும் இடம் எப்போதோ பேட்டரி கசிந்து துருப்பிடித்துக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சாமுவேல் அங்கிள் மூலையிலிருந்த துணியை விலக்கினார். உள்ளே கால் ஹார்மோனியம். கட்டில் அகலம், காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டியது. அதில் பட்டன் இல்லை.

"நல்லவேளை, இது இருக்கு" என்றார் அங்கிள். "நம்ம ஸ்டெல்லாவுக்கு என்ன, எந்த ஸ்கேலும் வாசிப்பா."

ஷீலா ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்து மெதுவாக, "நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு 'சரி' சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன்.

"வேண்டாம் ஆன்ட்டி" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

பெண் நடந்து வரும் இசை சி-யில்தான் இருந்தது. அதை அருமையாக வாசித்தேன். (இதை யாரும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.) அடுத்தது முதல் பாட்டு. இறக்கி வாசிக்க வேண்டியதை இறக்க வழியில்லை. பழகியதைவிட ஐந்து படி மேலே தொடங்கினேன். கொயர் நம்பி வாயைத் திறந்தது. இரண்டாவது வரியில் பெண்களின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது வரியில் அது பாட்டாக இல்லை, யாரோ யாரையோ கிணற்றிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. சரணம் முடிந்த இடைவெளியில் முதல் பெஞ்சிலிருந்து மணப்பெண்ணின் பெரியப்பா பொறுமையாகச் சொன்னார்:

"அம்மணி, கொஞ்சம் எறக்கிப் போடுங்க. எட்டலைங்க."

அவர் வேண்டுதல் அடுத்த பாட்டில் பலித்தது. எஃப்-பில் பழகிய பாட்டை சி-யில் எடுத்தால் ஐந்து படி கீழே போகும். கொயர் முதல் வரியிலேயே தரையைத் தொட்டது. இரண்டாவது வரியில் பெண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். மூன்றாவது வரியில் அதையும் விட்டார்கள். பெரியப்பா ஒருவர் மட்டும், "இப்பச் சரிங்க" என்று திருப்தியாகத் தலையாட்டி, தனியாகப் பாடி முடித்தார்.

அதற்கப்புறம் ஒரு அமைதி. வழக்கமாக அந்தக் கோயிலில் பன்னிரண்டு மின்விசிறிகள் கடகடவென்று ஓடும். பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது. அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த அமைதியில், பலிபீடத்தின் முன் நின்ற மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டான்:

"ஸ்டெல்லா, இதுல பட்டன் இல்லையா?"

கடைசி பெஞ்சு வரை கேட்டது.

போதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன பட்டன்?"

சாமுவேல் அங்கிள் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கீபோர்டைப் பார்த்தார். ஷீலா ஆன்ட்டி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தையே மூடிக்கொண்டாள். ஓடிப்போகப் பக்கவாட்டுக் கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்தேன். ஆனால் ஓடவில்லை.

"எனக்கு சி ஸ்கேல் மட்டும்தான் வரும், ஐயரே. மத்ததெல்லாம் கீபோர்டுல இருக்கிற பட்டன்தான் பண்ணும். அடுத்த பாட்டும் சி-தான். முடிஞ்சவங்க பாடுங்க."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் அவமானத்தையெல்லாம் காலில் இறக்கினேன். காற்று மிதிக்க அது வசதியாகவே இருந்தது. மூன்றாவது பாட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம்: எல்லோரும் பாடினார்கள், அவரவர் ஸ்கேலில். பதிவேட்டில் அண்ணனும் அண்ணியும் கையெழுத்துப் போடும்போது கரண்ட் வந்தது. கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்தபோது அதை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

கமிட்டி ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டது. ஸ்டூல் ஷீலா ஆன்ட்டிக்கு. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரமே அவர் ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஜி ஸ்கேல் கஷ்டமே இல்ல ஸ்டெல்லா. ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான். நான் சொல்லித் தரேன்." உண்மையிலேயே நல்ல மனுஷி. அதுதான் எனக்கு எரிச்சல்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி, எனக்கு சி போதும்" என்றேன். முட்டாள்தனம்தான். கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டிருந்தால், அதுவரை நான் வாசித்ததெல்லாம் வாசிப்பே இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரே ஸ்கேலாக இருந்தாலும் அதை யாரும் எனக்குத் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டது. சொந்தமாக ஒரு கீபோர்டு வாங்கினேன். கடைக்காரர் நூறு விதமான சத்தங்களை வாசித்துக் காட்டினார். நான் கேட்டது, "டிரான்ஸ்போஸ் பட்டன் எங்கே இருக்கு?" என்பது மட்டும்தான். அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வந்து தினமும் வாசிக்கிறேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தார்கள், ரிடயர்டும் ஆகிவிட்டேன், இன்னும் நிறுத்தவில்லை. என் பட்டன் மேல் இப்போது எந்தப் புத்தகமும் சாய்ந்திருப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

எங்கள் குடும்பத்தில் யாராவது பெருமை பேசினால், "கரண்ட் போனா தெரியும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் ரேங்க் கார்டு முதல் புது மருமகளின் பிரியாணி வரை எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள். எந்தக் கரண்ட், எப்போது போனது என்று தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

போன வருஷம் எட்வின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "அத்தைதான் வாசிக்கணும். இல்லாட்டி நான் நடந்தே வரமாட்டேன்." அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிய பட்டனை இரண்டு தடவை தட்டிவிட்டு, பெண் வரும் வாசலைப் பார்த்தேன். பெண் தயாராக நின்றாள். கைபிடித்துக் கூட்டி வரவேண்டிய அப்பாவைத்தான் காணவில்லை. ஆளுக்கொரு பக்கம் தேடி, கடைசியில் கோயிலுக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையில் டீசல் கேனோடு, அண்ணன் ஜெனரேட்டர் பக்கத்தில் காவல் நின்றுகொண்டிருந்தான்.