நெருப்பன் விரைவில் வருகிறார்

இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன்: மாற்றுப்பெயர்க்காரர். ஒழுங்காக ஒரு பெயர் வைக்கப்பட்டு, அந்தப் பெயரில் அடையாள அட்டையும் எடுத்து, அந்தப் பெயரிலேயே பரீட்சை எழுதிக் கணக்கில் சாதாரண சித்தியும் பெற்ற ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தமக்குள் இன்னொருவர் குடியிருப்பதாகத் திடீரென்று அறிவிப்பார். ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றியவள் நான். இந்த இனத்தைப் பெர்லினிலும் கண்டேன், பாங்கொக்கிலும் கண்டேன். முழு வளர்ச்சி பெற்ற ஒன்றைக் காண என் ஊரான உக்குவளைக்குத்தான் திரும்பி வரவேண்டியிருந்தது.

பெயர் ஷிஃபான். வாப்பா றஹீமின் ஹாட்வெயார் கடையில் பைப்பும் ஆணியும் விற்கிறார். மிச்ச நேரத்தில் ராப் பாடுகிறார். அவருடைய தனி ஆல்பம் விரைவில் வருகிறது. இரண்டு வருடமாக விரைவில் வருகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், பாடப்போவது ஷிஃபான் இல்லை. நெருப்பன்.

நெருப்பன் யார்? கத்தி முனையில் வளர்ந்தவன், வீடு வாசல் இல்லாதவன், எவருக்கும் அடங்காதவன். ஷிஃபானோ, அட்டை கடிக்கும் என்று மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டப் பக்கம் கால் வைக்காதவர். இந்த அடங்காதவனுக்கு முதலில் வைத்த பெயர் இப்லீஸ், சைத்தானின் பெயர். உம்மா ஸரீனா அதைக் கேட்டார். "அந்தப் பேரு இந்த ஊட்டுக்குள்ள வரவாணாம்" என்றார். மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நெருப்பன் பிறந்தான். முகத்தை மறைக்கக் கடையிலிருந்த வெல்டிங் முகமூடி கிடைத்தது, கீறல் படாமல் அதே கொக்கியில் திரும்ப மாட்டவேண்டும் என்ற வாப்பாவின் நிபந்தனையோடு.

நெருப்பன் யார் என்பது பரம இரகசியம். ஷிஃபான் என்னிடம் மட்டும்தான் சொன்னார். மாத்தளை பஸ் கண்டக்டரிடம் மட்டும்தான் சொன்னார். சலூனில் தலை வெட்டிக்கொண்டிருந்த நால்வரிடம், ஒவ்வொருவராக, அவரிடம் மட்டும்தான் சொன்னார்.

மாற்றுப்பெயரால் என்ன பயன் என்கிறீர்களா? தங்கை நிஹ்லாவின் போனை எடுத்து அதிலிருந்த படங்களையெல்லாம் அழித்துத் தன் பாட்டை நிரப்பியது யார்? நெருப்பன். மாமா மகளின் கல்யாணத்துக்குப் போகாதது யார்? நெருப்பன், அவனுக்குச் சனக்கூட்டம் பிடிக்காது. அந்தக் கல்யாண வீட்டிலிருந்து வந்த புரியாணியைச் சாப்பிட்டது மட்டும் ஷிஃபான். சாப்பாட்டு நேரத்தில் நெருப்பன் வீட்டில் இருப்பதே இல்லை.

இதுவரை சிரிக்கலாம். இனி வினோஜனைச் சொல்லவேண்டும். மாத்தளையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவர். வீடு மேலே தோட்டத்தில். நான்கு வருடமாக இருவரும் சோடியாகத்தான் பாடினார்கள். இப்போது தனி ஆல்பம் என்றான பிறகும், ஞாயிறு தவறாமல் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் வினோஜன்தான். தேயிலை அரைக்கும் ரோலரின் சத்தத்தைப் பதிந்து, வெட்டி ஒட்டி, ஏழு பாட்டுக்கும் பீட் செய்தார். கேட்டது ஒன்றே ஒன்று: ஆல்பத்தின் கவரில் தன் பெயர். கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் உதவியாளர் தேடிக்கொண்டிருந்தது. பெயர் போட்டு வந்த வேலை ஏதாவது காட்டு என்றிருந்தார்கள். போடுகிறேன் என்று ஷிஃபான் வாக்குக் கொடுத்திருந்தார்.

கவர் வந்தது. பாட்டு, இசை, குரல் எல்லாம் நெருப்பன்.

குழாய்க்கு வொஷர் வாங்கப் போன நான் கடையில் நின்றிருந்தேன். வினோஜன் கவர் படம் தெரிந்த போனை ஷிஃபானிடம் நீட்டினார். "எம் பேரு எங்கடா?"

"சோலோ ஆல்பம் மச்சான். சோலோவுல ரெண்டு பேரு வந்தா எப்பிடி?"

"நீதானே போடுறேன்னு சொன்ன? அது இருந்தாத்தான்டா எனக்கு அந்த வேலை."

"நான் போடத்தான் நெனச்சேன். நெருப்பன் ஒத்துக்கல்ல. அவன் தனியாள். அது நான் இல்ல மச்சான், ஒனக்குத் தெரியுந்தானே."

வாப்பா ஆணி நிறுப்பதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். வினோஜன் கோபப்படவில்லை. லெப்டொப்பைப் பையில் வைத்து ஸிப்பை மெதுவாக இழுத்தார்.

"சரிடா. அந்த ஏழு பீட்டும் நான் ஒனக்குத்தான் குடுத்தேன். நெருப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவன் வந்து கேக்கட்டும், யோசிக்கிறேன்."

ஏழு பீட்டையும் தன் பெயரிலேயே கொழும்புக்கு அனுப்பினார். அடுத்த வாரமே வரச்சொன்னார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறார். தொழில்நுட்பக் காரணங்களால் ஆல்பம் சற்றுத் தாமதமாகும் என்று நெருப்பன் முகநூலில் அறிவித்தான்.

நேற்றுக் கடைக்குப் போனேன். ஷிஃபான் வாடிப்போயிருந்தார். வினோஜன் போனை எடுக்கிறார் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன்.

"நான் எதுக்கு அக்கா கேக்கணும்? செஞ்சது நெருப்பன். அவனோ, மன்னிப்புக் கேக்கிற ஆள் இல்ல."

பாவம் என்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் கந்தோர் மேசைக்கு முன்னால் ஒரு வயதான மனுசி படிவத்தோடு வந்து நின்றாரே, நினைவிருக்கிறதா? 'தனிப்பட்ட முறையில் எனக்கு ஒன்றுமில்லை அம்மா, ஆனால் இந்தக் கதிரையில் இருந்துகொண்டு…' என்று மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பினீர்கள். அந்தக் கதிரைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?